கோனான் உடுத்திய தோலும் முத்துப்பட்டன் தைத்த செருப்பும்

ஞாயிற்றுக்கிழமை மதியம், ஆம்பூரில் மாமா வீடு. பிரியாணியும் கத்திரிக்காய்த் தொக்கும் முடிந்து, வீடே பாதித் தூக்கத்தில் இருந்தது. பிளஸ் ஒன் படிக்கும் மாமா பையனும் நானும் மட்டும் போனில் பழைய படம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம். 1982-ல் வந்த 'கோனான் தி பார்பேரியன்'. அர்னால்டு ஸ்வார்ஸ்நேக்கர், கையில் பெரிய கத்தி, இடுப்பில் தோல், முகத்தில் கோபம். அவ்வளவுதான் காஸ்ட்யூம்.

மாமா எங்கள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். முப்பது வருஷத்துக்கும் மேலாக டேனரியில் வேலை பார்த்தவர்.

"இன்னா பாப்பா, இந்த ஆளு சட்டையே போட மாட்டானா?"

"அவன் காட்டு ஆளு மாமா. தோல்தான் போடுவான்."

போனை வாங்கினார். விரலால் படத்தைப் பெரிதாக்கினார். ஹீரோவின் முகத்தை அல்ல, இடுப்பை.

"ஆடா மாடான்னு தெரியல. ஆனா இது பதம் பண்ண தோலு. பச்சைத் தோலை இடுப்புல கட்டினா மூணே நாள்ல நாறிப் பூடும். அப்பால காஞ்சி பலகை மாதிரி நின்னுக்கும். இவனுக்கு யாரு இதைப் பதம் பண்ணிக் குடுத்தது? அதைக் காட்டுனாங்களா படத்துல?"

காட்டவில்லை. அந்தப் படத்தின் தொடக்கமே கோனானின் அப்பா உலையில் கத்தி வார்ப்பதுதான். கத்தி செய்தவன் இருக்கிறான். தோல் செய்தவன் இல்லை. மாமா போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தலையணையை இழுத்துப் போட்டுப் படுத்துவிட்டார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. இந்த வாரப் பகுதி, அவர் கேட்ட கேள்வியிலிருந்து தொடங்குகிறது.

டெக்ஸாஸில் பிறந்த முரடன்

கோனானை உருவாக்கியவர் ராபர்ட் ஈ. ஹோவர்ட். அமெரிக்காவில், டெக்ஸாஸ் மாநிலத்தின் கிராஸ் பிளெயின்ஸ் என்ற சிறிய ஊர்க்காரர். கோனானின் முதல் கதை 1932 டிசம்பரில் 'வியர்ட் டேல்ஸ்' என்ற மலிவு விலைப் பத்திரிகையில் வந்தது. அடுத்த நான்கு வருஷங்களுக்குள் அதே பத்திரிகையில் 17 கதைகள். 1936-ல், 30 வயதில் ஹோவர்ட் இறந்துபோனார். அவர் உருவாக்கிய முரடனுக்கு மட்டும் இன்னும் வயசே ஆகவில்லை. 1970-ல் மார்வெல் காமிக்ஸ், 1982-ல் சினிமா, பிறகு வீடியோ கேம் என்று அவன் போய்க்கொண்டே இருக்கிறான்.

ஹோவர்டின் ஊரில் ஒரு காலத்தில் எண்ணெய்க் கிணறுகள் தோண்டினார்கள். ராத்திரியோடு ராத்திரியாகப் பணம் வந்து இறங்கியது. பணத்தோடு சூதாட்டமும் அடிதடியும் ஏமாற்றுக்காரர்களும் வந்தார்கள். வளர்ச்சி என்று ஊர் கொண்டாடியதைப் பக்கத்திலிருந்து பார்த்து வெறுத்தவர் அவர். நாகரிகம் பெரியதா, காட்டு வாழ்க்கை பெரியதா என்று எழுத்தாளர் லவ்கிராஃப்ட்டோடு வருஷக்கணக்கில் கடிதம் எழுதிச் சண்டை போட்டார். கோனான் அந்தச் சண்டையில் ஹோவர்டின் சாட்சி.

கோனான் நல்லவனா? திருடுவான், குடிப்பான், கூலிக்குச் சண்டை போடுவான். ஆனால் கதைகளைப் படித்தால் ஒரு விஷயம் பிடிபடும். 1933-ல் வந்த 'யானைக் கோபுரம்' கதையில், ஒரு மந்திரவாதியின் கோபுரத்துக்குள் ரத்தினக் கல்லைத் திருடப் போகிறான். உள்ளே, யானைத் தலையோடு ஒரு வேற்றுலக உயிர், பல காலமாகச் சித்திரவதைப்பட்டுக் குருடாகிக் கிடக்கிறது. பார்த்ததும் கோனானுக்குப் பயம் வருகிறது. அடுத்த நிமிஷமே பயம் போய், இதை இப்படிச் செய்தது மனித இனம்தானே என்று வெட்கம் வருகிறது. அந்த உயிர் கேட்டுக்கொண்டபடி அதற்கு விடுதலை கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வெளியே வருகிறான். அந்தச் சித்திரவதையைச் செய்தவன் படித்தவன், அதிகாரம் உள்ளவன். அதைப் பார்த்துக் கலங்கியவன் திருடன்.

இந்த வகைக் கதைகள் தொண்ணூறு வருஷங்களுக்கு மேல் ஓடுவதற்கு உடற்கட்டும் கத்தியும் மட்டும் காரணமாக இருக்க முடியாது. ஆபீஸில், ஆஸ்பத்திரியில், வங்கியில், "இந்த ஃபார்ம் இல்லை, அந்த ஃபார்ம், நாளைக்கு வாங்க" என்று சிரித்த முகத்தோடு நம்மை அலைய விடுகிறவர்களிடம் நாம் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டதை, அவன் நமக்குப் பதிலாகச் சொல்கிறான். சொன்னால் செய்கிறான். நம்பியவனை விட்டுவிட்டு ஓடுவதில்லை. முதுகில் குத்துவதில்லை. சின்ன லிஸ்ட்தான். ஆனால் பெரிய மனிதர்கள் பலரிடம் இல்லாத லிஸ்ட்.

தமிழிலும் இவனுக்குச் சொந்தக்காரர்கள் உண்டு. சிவகாசியிலிருந்து வரும் லயன்-முத்து காமிக்ஸ் வாசகர்களுக்கு 'தோர்கல்' தெரிந்திருக்கும். வைக்கிங்குகள் வளர்த்த அநாதைப் பிள்ளை, 1977-ல் ஐரோப்பிய காமிக்ஸில் அறிமுகமானவன். ராஜ்யம் தேடி வந்தாலும் பெண்டாட்டி பிள்ளையோடு நிம்மதியாக இருந்தால் போதும் என்பவன்.

யார் யாரைக் காட்டுமிராண்டி என்பது?

'பார்பேரியன்' என்ற சொல்லின் கதை சுவாரஸ்யமானது. பழைய கிரேக்கர்களுக்கு மற்றவர்கள் பேசுவது "பர் பர்" என்று கேட்டதாம். அதனால் கிரேக்க மொழி பேசாத எல்லோரும் 'பார்பரோஸ்'. அதாவது, காட்டுமிராண்டி என்பதற்கு முதல் அர்த்தம், "இவன் பேசுவது எனக்குப் புரியவில்லை" என்பதுதான்.

அதே கிரேக்க, ரோமானியர்கள் வியாபாரத்துக்கும் காவல் வேலைக்கும் நம் ஊருக்கு வந்தபோது, நம் ஆட்கள் அவர்களை எப்படிப் பார்த்தார்கள் தெரியுமா? யவனர்கள் கடுமையாகப் பேசுகிறவர்கள் என்று நம் பழைய இலக்கியம் சொல்கிறது. உலகத்தையே காட்டுமிராண்டி என்றவர்களுக்கு நம் ஊரில் கிடைத்த பட்டம் முரட்டுப் பேச்சுக்காரர்!

'பாகுபலி' முதல் பாகத்தில் வரும் காலகேயர்களை நினைத்துப் பாருங்கள். கறுப்பு நிறம், அழுக்கு உடம்பு, யாருக்கும் புரியாத 'கிளிக்கி' பாஷை. மதன் கார்க்கி அந்த மொழியை இலக்கணத்தோடு உருவாக்கினார். தியேட்டரில் நமக்குக் கேட்டது என்னவோ "பர் பர்"தான். கிரேக்கர்களின் பழைய வித்தையேதான் அது. கோனான் கதை அதைத் திருப்பிப் போடுகிறது. கேமராவை காலகேயன் பக்கம் வைத்து, அங்கிருந்து அரண்மனையைப் பார்க்கச் சொல்கிறது.

நம் ஊர்க் கதைகள் இதை எப்போதோ செய்துவிட்டன.

ஆம்பூர்க் கல்லில் நிற்கிற வீரன்

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, குடியாத்தம், செங்கம். பழைய வட ஆற்காடு முழுக்க நடுகற்கள் நிறைந்த பூமி. பைபாஸில் பஸ்ஸில் போகும்போது நமக்குக் கண்ணில் படாது. வயல் ஓரத்திலும் ஏரிக்கரையிலும் புளியமரத்தடியிலும் ஒரு பலகைக் கல் நிற்கும். அதில் ஒருவன் வில்லோ வாளோ பிடித்துக்கொண்டிருப்பான். ஊர்க்காரர்கள் வேடியப்பன் என்று சொல்லி எண்ணெய் பூசிக் கும்பிடுவார்கள்.

பெரும்பாலும் அவன் ராஜா கிடையாது. பக்கத்து ஊர்ப் படை வந்து மாட்டு மந்தையை ஓட்டிக்கொண்டு போகும்போது, மீட்கப் போய் விழுந்தவன். இல்லையென்றால் ஊருக்குள் வந்த புலியோடு மல்லுக்கட்டிச் செத்தவன். அந்தக் காலத்தில் மாடுதான் வங்கிக் கணக்கு. மந்தை போனால் உழவு இல்லை, பால் இல்லை, அடுத்த வருஷம் இல்லை. மாடு கவர்வதை வெட்சி என்றும், மீட்பதைக் கரந்தை என்றும் இலக்கணமே பிரித்து வைத்திருந்தது. வீரனுக்கு எப்படிக் கல் எடுத்து, நீராட்டி, நட்டு, வாழ்த்த வேண்டும் என்பதற்கும் தொல்காப்பியத்தில் வரிசை இருக்கிறது.

ஆம்பூரிலேயே பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்து நடுகற்கள் கிடைத்திருக்கின்றன. அவனுடைய 26-வது ஆட்சியாண்டைச் சொல்பவை. ஆயிரத்து நூறு வருஷங்களுக்கு முந்தைய சமாசாரம். நுளம்பன் படை வந்தபோது நடந்த சண்டையில் விழுந்தவர்களுக்காக நட்டது. ஊரின் பெயர் அப்போது ஆமையூர். இன்றைக்கு ஷூ கம்பெனி பஸ்கள் வரிசை கட்டுகிற அதே ஊர்தான்.

எனக்கு ரொம்பப் பிடித்தது செங்கம் பக்கத்து எடுத்தனூர்க் கல். மகேந்திரவர்மப் பல்லவனின் 34-வது ஆட்சியாண்டு, அதாவது ஏழாம் நூற்றாண்டு. வீரனின் பெயர் கருந்தேவக்கத்தி. அவன் காலடியில் ஒரு நாய். வெறும் அலங்காரம் என்று நினைக்க வேண்டாம். அந்த நாயின் பெயரையும் தனியாகப் பொறித்திருக்கிறார்கள். கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடித்து, அங்கேயே காவல் இருந்தது என்று அதன் சேவையும் கல்லில் இருக்கிறது. பல்லவர் கட்டிய கோயில்களில் கல் செதுக்கிய சிற்பிகளின் பெயர் பெரும்பாலும் நமக்குத் தெரியாது. ஒரு கிராமத்து நாயின் பெயர் தெரியும். விசுவாசம் காட்டியது யார் என்று மட்டும்தான் அந்த ஊர் பார்த்திருக்கிறது, பிறப்பைப் பார்க்கவில்லை. 1972-ல் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை 'செங்கம் நடுகற்கள்' என்று புத்தகமே போட்டது. வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்திலும் நடுகற்களைப் பார்க்கலாம். அடுத்த முறை கோட்டைக்குப் போனால், அகழியோடு செல்ஃபி எடுத்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள்.

செருப்பு தைத்த பிறகுதான் பெண்

மாமா கேட்ட கேள்விக்கு வருவோம். ஹீரோ போட்டிருக்கும் தோலை யார் பதம் பண்ணினார்கள்? உலகத்துக் கதைகளில் தேடினால் பதில் கிடைப்பது கஷ்டம். தமிழில் ஒரு கதையில் ஹீரோவே அந்த வேலையைச் செய்கிறான். முத்துப்பட்டன் கதை. தென் மாவட்டங்களில் வில்லுப்பாட்டாகப் பாடப்படுவது. பேராசிரியர் நா. வானமாமலை தேடித் தொகுத்துப் பதிப்பித்த கதைப்பாடல்களில் ஒன்று.

பட்டன் பிராமண இளைஞன். அண்ணன்களோடு ஒத்துப்போகாமல் வீட்டை விட்டுப் போய், ஒரு ராஜாவிடம் வேலை பார்க்கிறான். பிறகு அண்ணன்கள் தேடி வந்து அழைக்க, ஊர் திரும்புகிறான். வழியில் மலையடிவாரத்தில் பொம்மக்கா, திம்மக்கா என்ற இரண்டு பெண்களைப் பார்த்து மயங்குகிறான். மாடு காத்து, தோல் வேலை செய்யும் வாலப்பகடையின் மகள்கள் அவர்கள். அருந்ததியர் குடும்பம்.

பெண் கேட்கிறான். இந்த இடத்தில் வாலப்பகடை செய்வதைப் பாருங்கள். உயர்ந்த சாதிப் பையன் பெண் கேட்டானே என்று அவர் பூரித்துப் போகவில்லை. பயந்து ஒதுங்கவும் இல்லை. நிபந்தனை போடுகிறார். பூணூலைக் கழற்று. குடுமியை எடு. செருப்புத் தைக்கக் கற்றுக்கொள். தைத்ததைக் கொண்டுபோய் விற்று வா. அப்புறம் பேசலாம்.

அண்ணன்களுக்குத் தெரிந்ததும் தம்பியைக் கல்லறையில் அடைக்கிறார்கள். உடைத்துக்கொண்டு வருகிறான். சொன்னபடியே எல்லாவற்றையும் செய்கிறான். தோலை அறுத்து, வாரைக் கோத்து, செருப்புத் தைத்து, விற்றுக் காட்டி, பிறகுதான் கல்யாணம்.

எத்தனை ஹீரோக்கள் வில்லை வளைத்து, காளையை அடக்கி, இளவட்டக் கல்லைத் தூக்கிப் பெண் கட்டியிருக்கிறார்கள்! செருப்புத் தைத்துக் கட்டியவன் எனக்குத் தெரிந்து இவன் ஒருவன்தான். தோல் வேலை தெரிந்தவர்கள் சொல்வார்கள், அது வில்லை வளைப்பதைவிடச் சுலபம் இல்லை. வாரின் நீளம் ஒரு நூல் தப்பினால் கால் கடிக்கும்.

கல்யாண ராத்திரியே, மாமனார் வீட்டுப் பொறுப்பில் இருந்த மந்தையைக் கொள்ளையர்கள் ஓட்டிக்கொண்டு போகிறார்கள். பட்டன் எழுந்து ஓடுகிறான். நடுகல் வீரன் செய்த அதே வேலை. சண்டையில் ஜெயிக்கிறான். மாடுகளை மீட்டுவிட்டு, ஓடையில் ரத்தம் கழுவக் குனியும்போது ஒளிந்திருந்த ஒருவன் முதுகில் குத்துகிறான். சேதியைப் பெண்களிடம் கொண்டுபோவது அவனுடைய நாய். எடுத்தனூருக்கும் பாபநாசம் மலைக்கும் எவ்வளவு தூரம்! கூடவே நிற்கிற நாய் மட்டும் இரண்டு இடத்திலும் இருக்கிறது.

திருநெல்வேலி மாவட்டம் காரையாறில், காட்டுக்குள் இருக்கும் சொரிமுத்து அய்யனார் கோயிலில் அவன் இன்றைக்குப் பட்டவராயன். அங்கே பக்தர்கள் வைக்கும் காணிக்கை என்ன தெரியுமா? தோல் செருப்பு. கோயில் வாசலில் நாம் கழற்றிப் போட்டுவிட்டுப் போகிற பொருள், அங்கே சாமிக்கு முன்னால் தொங்குகிறது. காணிக்கையாக வைத்த செருப்பு அடுத்த வருஷம் பார்க்கும்போது தேய்ந்திருக்கும், பட்டவராயன் போட்டுக்கொண்டு காட்டைச் சுற்றுகிறார் என்பது பக்தர்கள் நம்பிக்கை.

மாற்றி எழுதப்பட்ட பிறப்பு

இதில் ஒரு சங்கடமும் இருக்கிறது. பின்னால் வந்த சில வடிவங்களில், பொம்மக்காவும் திம்மக்காவும் உண்மையில் பிராமணக் குழந்தைகள், காட்டில் கிடைத்தவர்களை வாலப்பகடை எடுத்து வளர்த்தார் என்று கதை மாறிவிடுகிறது. பிறப்பைத் திருத்திவிட்டால், கேட்கிறவர்களுக்கு உறுத்தல் இல்லை.

மதுரை வீரன் கதையிலும் இதே தையல் வேலை தெரியும். காசி ராஜாவுக்குப் பிறந்து, ஜாதகம் சரியில்லை என்று காட்டில் விடப்பட்டு, செருப்புத் தைக்கும் தம்பதி வளர்த்த பிள்ளை. 1956-ல் எம்.ஜி.ஆர். நடித்த படத்தில் அந்த அப்பா அம்மாவாக வந்தவர்கள் என்.எஸ். கிருஷ்ணனும் டி.ஏ. மதுரமும். காசி ராஜா கதை பிறகு சேர்த்த ஒட்டு, வீரன் அந்தத் தோல் தொழிலாளி வீட்டுப் பிள்ளையேதான் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து.

பிறப்பை எப்படி மாற்றினாலும், கதையின் முடிவை யாராலும் மாற்ற முடியவில்லை. வீரன் மதுரைக்கு வருகிறான். மக்களைப் படுத்திய கள்ளர் கூட்டத்தை அடக்கித் தருகிறான். வேலை முடிந்ததும் அரண்மனை அவனைச் சந்தேகப்படுகிறது. விசாரணை இல்லை. மாறுகால் மாறுகை வாங்குகிறார்கள். நாகரிகமான அரண்மனை, படித்த மந்திரிகள், சட்டப்படியான தண்டனை. ஹோவர்ட் லவ்கிராஃப்ட்டுக்குப் பக்கம் பக்கமாகக் கடிதம் எழுதிச் சொல்ல வந்ததை, நம் ஊர்க் கோடங்கி ஒரு ராத்திரிப் பாட்டில் சொல்லிவிட்டார்.

தண்டனை கொடுத்த ராஜாவுக்கு மஹால் இருக்கிறது. டிக்கெட் வாங்கிப் பார்க்கிறோம். கை கால் போனவனுக்கு ஊர் ஊராகக் கோயில் இருக்கிறது. குழந்தைக்கு முதல் முடி இறக்குகிறோம். யாரை ரசிப்பது, யாரிடம் குறை சொல்லி அழுவது என்பது ஜனங்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ராணிப்பேட்டை பெயருக்குள் ஒரு கல்யாணம்

தோல் ஊர்களில் இன்னொரு முக்கியமான ஊர் ராணிப்பேட்டை. பெயரில் இருக்கும் ராணி யார்? செஞ்சி ராஜா தேசிங்கின் மனைவி என்பார்கள். 1714-ல் ஆற்காடு நவாப் சாதத்துல்லா கானின் படையோடு மோதி, இருபத்து சொச்ச வயதில் தேசிங்கு இறந்தான். உடன்கட்டை ஏறிய அவன் மனைவியின் நினைவாக, ஜெயித்த நவாபே பாலாற்றங்கரையில் அமைத்த ஊர் இது என்பது பெயர்க் காரணம்.

கப்பம் கட்டமாட்டேன் என்று சின்னப் படையை வைத்துக்கொண்டு பெரிய படையை எதிர்த்தது புத்திசாலித்தனமா என்று கேட்டால், இல்லை. ஆனால் தேசிங்குப் பாட்டைக் கேட்டவர்கள் மறக்காத ஆள் தேசிங்கு மட்டுமல்ல, அவன் நண்பன் மோவுத்துக்கானும்தான். கல்யாணக் கோலத்தில் இருந்தவன், நண்பனுக்கு ஆபத்து என்ற சேதி வந்ததும் மாலையோடு எழுந்து குதிரை ஏறுகிறான். திரும்பி வரவில்லை. ஒருவன் ராஜபுத்திரன், ஒருவன் முஸ்லிம். எதிரே நிற்பது நவாப் படை. மதத்தைப் பார்த்து அணி பிரிந்திருந்தால் அந்தப் பாட்டே இல்லை. இந்துவும் முஸ்லிமும் ஒரே மண்டியில் தோல் எண்ணி, ஒரே கடையில் டீ குடிக்கிற ஊர்களில் இந்தக் கதைக்கு விளக்கவுரை தேவையில்லை.

எடுத்துக்கொள்ள வேண்டியதும், விட்டுவிட வேண்டியதும்

இந்த வீரர்களை அப்படியே தலையில் வைத்துக் கொண்டாட முடியாது. ஹோவர்டின் கதைகளில் கறுப்பின மக்களைப் பற்றிய சித்திரிப்பு, இன்றைக்குப் படித்தால் முகம் சுளிக்க வைக்கும். பெண்கள் பல கதைகளில் காப்பாற்றப்படுவதற்கென்றே வருகிறார்கள். நம் கதைகள் மட்டும் என்ன? பொம்மக்காவும் திம்மக்காவும் தீயில் இறங்குகிறார்கள். தேசிங்கின் மனைவியும் அப்படியே. அதைக் கற்பு என்று பாடி முடித்துவிடுகிறோம். அந்தப் பெண்களுக்கு வாழ வேண்டும் என்று தோன்றியிருக்காதா என்று பாட்டில் யாரும் கேட்கவில்லை. நாம் கேட்கலாம்.

கத்தியையும் விட்டுவிடலாம். இன்றைக்குக் கோபம் வந்தவுடன் கை ஓங்குகிறவன் முத்துப்பட்டன் ஆகிவிடமாட்டான். பட்டன் சண்டை போட்டது ஒரு ராத்திரி. செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டது அதற்கு முன்னால், பொறுமையாக. எது பெரிய வீரம் என்று என்னைக் கேட்டால், இரண்டாவதைச் சொல்வேன்.

மிச்சம் இருப்பது என்ன? சொன்ன சொல். நம்பி வந்தவரை விடாத குணம். இன்னொருவர் வலியைப் பார்த்து வெட்கப்படத் தெரிவது. தன் கையால் செய்யும் வேலையைக் கேவலமாக நினைக்காதது. இந்த நான்கும் இருந்தால் ஒருவன் குகையில் இருந்தாலும் மனிதன்.

நாகரிகம் என்று நாம் சொல்லிக்கொள்வதை இதே கணக்கில் வைத்துப் பார்க்கலாம். பாலாற்றில் டேனரிக் கழிவு கலந்த வழக்கில், 1996-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு நாடு முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் பாடம். மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும் என்பதை இந்தியச் சட்டத்தில் உறுதியாக நிலைநிறுத்திய வழக்கு அது. வழக்கின் பெயரிலேயே வேலூர் இருக்கிறது. உலகத்துக்கே நல்ல ஷூ அனுப்பிய ஊர், தன் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்க முடியாமல் போனது.

2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டையில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் கழிவுச் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவர்கள் பேசியதும் நம்மில் பலருக்குப் புரிந்திருக்காது. "பர் பர்" என்றுதான் கேட்டிருக்கும்.

மாட்டை மீட்கப் போய் விழுந்தவனுக்கு ஆமையூரில் கல் நட்டார்கள். கள்ளனைக் கடித்த நாய்க்குக்கூட எடுத்தனூரில் பெயர் பொறித்தார்கள். அந்தப் பத்துப் பேரின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

சாயங்காலம்

மாமா எழுந்து டீ குடிக்கும்போது முத்துப்பட்டன் கதையைச் சொன்னேன். பாதிக் கதையில் நிறுத்தி, "இன்னா தோலுல தைச்சான்?" என்றார். கதையில் அதெல்லாம் இல்லை மாமா என்றேன்.

"மாட்டுத் தோலாதான் இருக்கும். ஆவாரம்பட்டையில ஊறப்போட்டு, கடுக்காய் குடுத்து எடுத்திருப்பாங்க. அப்போ ஏது குரோம்? முதல்ல சுண்ணாம்புல போட்டு மயிரு எடுக்கணும். சதை வழிக்கணும். ஒரு தோலு ரெடியாக வாரக்கணக்கா ஆவும். அந்தப் பையன் கை எல்லாம் பொத்துப் போயிருக்கும், பாவம்."

மாமா தன் உள்ளங்கையைத் திருப்பி ஒரு தடவை பார்த்துக்கொண்டார். சுண்ணாம்பு தின்ற கை. ரேகை பாதிதான் தெரியும். ரேஷன் கடையில் கைரேகை மெஷின் அவர் விரலைப் படிக்காமல் திருப்பி அனுப்பியதுண்டு.

மாமா பையன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால், பள்ளியில் அப்பா என்ன வேலை என்று கேட்டதற்கு 'பிசினஸ்' என்று எழுதிக் கொடுத்தவன் அவன். பக்கத்துப் பெஞ்சுப் பையன்கள் மூக்கைப் பிடித்துக் காட்டுவார்கள் என்று பயம். அதை மாமாவிடம் யாரும் சொல்லவில்லை. எனக்கு மட்டும் தெரியும்.

"அப்பா, ஆவாரம்பட்டை எவ்ளோ போடுவாங்க?" என்று கேட்டான்.

மாமா டீ டம்ளரைக் கீழே வைத்தார். சொல்ல ஆரம்பித்தார். படத்தின் மீதிப் பாதியை நாங்கள் இன்னும் பார்க்கவில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கை இருக்கும். தறியோ, செங்கல் சூளையோ, மீன் வலையோ, தீப்பெட்டி ஆபீஸோ. இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் போனைக் கீழே வைத்துவிட்டு, அந்த வேலை எப்படி நடக்கும் என்று முதலிலிருந்து கேட்டுப் பாருங்கள்.